சிக் லீவு பார்த்து வழி பிரித்த நந்தி மலை

பிள்ளைகளா, உங்கள் அம்மாவை முதன்முதலில் நந்தி மலைக்குக் கூட்டிப்போனது யார் என்று கேட்டீர்கள். நான்தான். வழியில் அவள் திரும்பிப் போகப் பார்த்ததும் என்னால்தான். இரண்டையும் எழுதிவிடுகிறேன். அவளைக் கேட்டால் இரண்டாவதை மட்டும்தான் சொல்வாள்.

அம்மாவின் இடது கால் கொஞ்சம் குட்டை என்பது உங்களுக்குத் தெரியும். சின்ன வயதில் விழுந்து, எலும்பு கோணலாகக் கூடிவிட்டது. எங்களுக்குக் கல்யாணமான புதிதில் ஒரு உறவுக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போனோம். அங்கே நாலைந்து பொடியன்கள் அவள் பின்னாலேயே அவளைப் போல நடந்து காட்டினார்கள். பெரியவர்களும் சிரித்தார்கள். அன்றிலிருந்து நாங்கள் குடியிருந்த மர்பி டவுனில் தண்ணீர்க் குழாய், மூலைக்கடை, வீடு; இவ்வளவுதான் அவள் போக்குவரத்து.

நான் அப்போது ஒரு தொழிற்சாலையில் டைம் ஆபீஸ் கிளார்க். எட்டாவது வரை படித்தவன். யார் எத்தனை மணிக்கு வந்தார், யார் என்ன வியாதிக்கு லீவு போட்டார் என்று ரிஜிஸ்டரில் எழுதுவது என் வேலை. அதில் எழுதியிருப்பதெல்லாம் சத்தியம் என்று நான் நம்பிக்கொண்டிருந்த காலம்.

ஒரு வருஷம் தொழிலாளர்கள் எல்லோரும் குடும்பத்தோடு நந்தி மலைக்குப் போவதென்று முடிவாயிற்று. மேலே ஏற மூன்று வழிகள் உண்டு. வளைந்து வளைந்து போகும் மோட்டார் ரோடு ஒன்று, கல் படிக்கட்டு ஒன்று, ஆடு மேய்க்கிறவர்கள் போகும் பாறைத் தடம் ஒன்று. அவரவர் உடம்புக்குத் தோதான வழியில் அனுப்ப வேண்டும், யாரும் நடுவில் மயங்கி விழக்கூடாது என்று சொல்லி, ஏற்பாடு செய்த கமிட்டிக்காரர்கள் அந்தப் பொறுப்பை என் தலையில் கட்டினார்கள்.

அம்மாவிடம் வந்து சொன்னேன். "ரோட்டு வழி ஒண்ணு இருக்கு. மெதுவா போலாம். அந்த வழியில எல்லாரும் உடம்புக்கு முடியாதவங்கதான். உன்னத் திரும்பிப் பாக்க யாருக்கும் நேரம் இருக்காது."

அவள் ரொம்ப நேரம் அரிசியில் கல் பொறுக்கினாள். அப்புறம், "வரேன். ஆனா அந்தப் பசங்க மாதிரி எவனாச்சும் என் பின்னால நடந்து காட்டினான்னு வையுங்க, அதோட சரி. செத்தாலும் வாசப்படி தாண்டமாட்டேன்" என்றாள்.

எனக்குப் பயமே இல்லை. என்னிடம்தான் ரிஜிஸ்டர் இருந்ததே! இரண்டு வருஷத்து சிக் லீவைப் புரட்டினேன். மூட்டு வலி, இடுப்பு வலி, மூச்சிரைப்பு என்று டாக்டர் சீட்டு கொடுத்தவர்கள் ரோட்டு வழி. காய்ச்சல், வயிற்றுப்போக்கு எல்லாம் படிக்கட்டு. ஒரு நாள் கூட சிக் லீவு போடாத திடகாத்திரர்கள் பாறைத் தடம். எழுதி முடித்துப் படித்தபோது எனக்கே பெருமை தாங்கவில்லை.

மலை அடிவாரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் பட்டியலை உரக்க வாசித்தேன். ரோட்டு வழியில் முதல் பத்துப் பேர் எங்கள் ஃபுட்பால் டீம். எல்லாம் கட்டுமஸ்தான ஃபிட்டர்கள். பாறைத் தடத்தில் முதல் பெயர் எங்கள் ஃபோர்மேன். மனிதர் உட்கார்ந்தால் ஸ்டூல் தெரியாது. இரண்டாவது பெயர் அடுத்த வருஷம் ரிட்டையர் ஆகப்போகிற பேக்கிங் பகுதிப் பெரியவர். அவர் லீவே போடாததற்குக் காரணம் உடம்பு இல்லை, வீட்டில் கல்யாணத்துக்கு நிற்கும் ஐந்து பெண்கள். அது ரிஜிஸ்டரில் இல்லை.

ஃபிட்டர்கள் என்னை முறைத்தார்கள். ஃபோர்மேனுக்கோ மார்பு விரிந்தது. "பாத்தீங்களாடா? பதினாறு வருஷம்! ஒரு நாள் சிக் லீவு கெடையாது. பாற மேலருந்து பாத்துக்கினே வருவேன். முட்டி வலின்னு சீட்டு குடுத்தவன் எவனாச்சும் ரோட்டுல துள்ளிக் குதிச்சான், திங்கக்கெழம மெமோ!" என்று சொல்லிவிட்டுப் பெரியவரையும் இழுத்துக்கொண்டு பாறைப் பக்கம் போனார்.

நான் புளிச்சோற்று மூட்டையைத் தூக்கிக்கொண்டு அம்மாவோடு ரோட்டில் நடந்தேன். காற்று குளிர்ச்சியாக இருந்தது. முதல் வளைவில் அவள் நின்று, கீழே தெரிந்த ஏரியையும் வயல்களையும் பார்த்தாள். "இவ்ளோ தண்ணியா!" என்றாள். கல்யாணமாகி அவள் ஒன்றைப் பார்த்து வாயைப் பிளந்தது அதுதான் முதல் தடவை. என் திட்டம் பலித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டே திரும்பிப் பார்த்தேன்.

பின்னால் பத்து ஃபிட்டர்களும் வரிசையாக, காலை இழுத்து இழுத்து, நொண்டிக்கொண்டே வந்தார்கள்.

அவளும் திரும்பிப் பார்த்துவிட்டாள். ரோட்டோரக் கட்டைச் சுவரில் உட்கார்ந்து செருப்பைச் சரிசெய்தாள்.

"ஏங்க, பஸ்ஸு எங்க நிக்குது? நான் கீழ போறேன்."

"இல்ல, அது வந்து..."

"ஒண்ணும் சொல்லாதீங்க. உங்க ஆபீஸ் ஆளுங்கதான? நல்லா நடந்து காட்டறாங்க."

அவள் எழுந்து கீழ்ப்பக்கம் நாலு எட்டு வைத்தும்விட்டாள். வரிசையில் முதலில் வந்த ஃபிட்டருக்கு அவள் முகத்தைப் பார்த்ததும் விஷயம் புரிந்துவிட்டது. இரண்டு கையையும் விரித்து வழி மறித்தான்.

"ஐயோ அக்கா, உங்கள இல்லக்கா! சாமி சத்தியமா இல்ல! அங்க பாருங்க, பாற மேல!"

எதிர்ப் பாறையில் ஃபோர்மேன் ஒரு புதரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மழக்காலத்துல முட்டி வலின்னு நாலு நாள் லீவு போட்டேன்கா. மச்சான் கல்யாணம், கோலார்ல. உங்க வூட்டுக்காரரு அதப் பாத்து லிஸ்ட் எழுதிட்டாரு. நேரா நடந்தா மெமோ. நாங்க பத்துப் பேரும் அதான்."

அம்மா ஃபோர்மேனைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். கடைசியாக என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை. பிறகு அவனிடம் கேட்டாள்:

"எந்த முட்டி?"

"வலதுதான்கா."

"அப்ப எதுக்கு இடது கால இழுக்கற?"

அவன் குனிந்து தன் கால்களைப் பார்த்தான். மற்ற ஒன்பது பேரும் தங்கள் தங்கள் கால்களைப் பார்த்தார்கள்.

"வலிக்கிற கால்ல வெயிட்டு போடமாட்டாங்கப்பா. சட்டுனு எடுத்துடுவாங்க. இப்டி. தோள் எறங்கணும். மூஞ்சிய எதுக்கு அழற மாதிரி வச்சிருக்க? தெனம் நொண்டறவ தெனமுமா அழுவா? நீ யாரு, இடுப்பு வலியா? இடுப்பு வலிக்காரன் ரோட்டுல குனிஞ்சு பீடி பொறுக்குவானா?"

அதற்கப்புறம் அவள் முன்னால் நடந்தாள். பத்துப் பேரும் அவள் நடையைப் பார்த்துப் பாடம் படித்துக்கொண்டே பின்னால் வந்தார்கள். பாறை மறைக்கும் வளைவுகளில் நிமிர்ந்து ஓடிப் பிடித்து விளையாடுவார்கள். வெட்டவெளி வந்ததும் அவள், "ம், காலு!" என்பாள். பத்துக் காலும் மடங்கும். ஒருவன் மறந்து காலை மாற்றிப் போட்டதற்கு அவள் சிரித்த சிரிப்பில், சுவரில் உட்கார்ந்திருந்த குரங்கு எழுந்து போயிற்று.

மேலே, படி கட்டிய குளத்தின் கரையில் நாங்கள் சாப்பிட்டுக் கை கழுவிய பிறகுதான் ஃபோர்மேன் வந்து சேர்ந்தார். முழங்கால் கிழிந்து, பேக்கிங் பெரியவரின் தோளில் தொங்கிக்கொண்டு வந்தார். பெரியவருக்கு ஒன்றும் ஆகவில்லை. வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். ஃபிட்டர்கள் பத்துப் பேரும் நொண்டிக்கொண்டே ஓடிப்போய் ஃபோர்மேனை இறக்கினார்கள்.

அவர் அவர்களை ஏற இறங்கப் பார்த்து, "நெஜமாவே வலிதான்டா உங்களுக்கு. நான் கூட டூப்புன்னு நெனச்சேன்" என்றார். இறங்கும்போது ரோட்டு வழியில்தான் வந்தார். அவருடைய நொண்டலை அம்மா திருத்த வேண்டியிருக்கவில்லை.

திங்கட்கிழமை அவரிடமிருந்து முதல் டாக்டர் சீட்டு வந்தது.

அன்று பஸ்ஸில் திரும்பும்போது அம்மா ஜன்னல் பக்கம் பார்த்தபடியே, "அடுத்த ஞாயித்துக்கெழம அல்சூர் ஏரிய ஒரு சுத்து வரலாமா? நீங்க மட்டும் லிஸ்ட் எழுதாதீங்க" என்றாள்.

எழுதவில்லை. சனிக்கிழமை வேலை விட்டதும் சைக்கிளைப் பூட்டிவிட்டு, தனியாக ஏரிக்கரையில் அவள் நடக்கும் வேகத்தில் நடந்து பார்த்தேன். ஓரிடத்தில் மட்டும் ஒரு மரத்தடிக்கும் அடுத்த மரத்தடிக்கும் நடுவில் ரொம்பத் தூரம்; அவள் உட்கார எதுவும் இல்லை. கரைச் சரிவில் கிடந்த ஒரு தட்டைக் கல்லைப் புரட்டிப் புரட்டி மேலே கொண்டுவந்தேன். அடியில் சின்னக் கல் முட்டுக் கொடுத்து, ஏறி உட்கார்ந்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்ந்து பார்த்தேன். ஆடவில்லை.