ஒற்றை ஓட்டை பிளாப்பிக்கு மூன்று நாள்

பழைய கம்ப்யூட்டர்களுக்குப் பொருந்துகிற பிளாப்பியைத் தேடித் தருவதுதான் என் தொழில். பெரம்பலூரில் எனக்குப் போட்டியே கிடையாது, மற்றவர்களுக்கெல்லாம் புத்தி இருக்கிறது. பழைய பெட்டி ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு, இன்றைக்காவது ஓடுமா என்று காலையில் அதன் முகத்தில் விழிக்கிறவர்களே, இது உங்களுக்காகத்தான். கொஞ்சம் கூட்டித்தான் சொல்வேன். எந்த இடத்தில் கூட்டினேன் என்று கேட்காதீர்கள், எனக்கே மறந்துவிடும்.

அணைக்கக் கூடாத மெஷின்

லப்பைக்குடிக்காட்டு ஜுலைகா ஒரு திங்கட்கிழமை போன் செய்தாள். அவள் வீட்டுக்காரர் ஷார்ஜாவிலிருந்து கொண்டுவந்த கம்ப்யூட்டர் எம்ப்ராய்டரி மெஷின்தான் அவளுக்குச் சோறு. அவர் மவுத்தாகிக் கண்ணை மூடி இரண்டு வருஷமாகிறது. அவர் வரைந்து வைத்த பூக்கொடி ஒன்று பிளாப்பியில் இருந்தது. கல்யாணப் பெண்ணின் முக்காட்டு ஓரத்துக்கு அந்தக் கொடிதான் வேண்டுமென்று சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து வருவார்கள். அன்று காலை அந்தக் கொடி மெஷினுக்குள் ஏறியது. ஏறின கையோடு பிளாப்பி ‘கரக்’ என்று உயிரை விட்டது. இனி கொடி இருப்பது மெஷினின் ஞாபகத்தில் மட்டும். சுவிட்சை அணைத்தால் அதுவும் போச்சு. வியாழக்கிழமை பராமரிப்புக்காகக் காலை ஒன்பது மணிக்குக் கரண்ட் நிறுத்தம். இன்வெர்ட்டர் இரண்டு மணி நேரம் தாங்கும். அதற்குள் கொடியை வேறொரு பிளாப்பியில் இறக்கியாக வேண்டும்.

அந்த மெஷின் தின்பது ஒற்றை ஓட்டை பிளாப்பி. என்னிடம் இருந்ததெல்லாம் பின்னால் வந்த இரட்டை ஓட்டை ரகம். இரண்டாவது ஓட்டையில் கறுப்பு டேப்பை ஒட்டினால் பல மெஷின்கள் ஏமாந்துவிடும். அன்றைக்கே போய் ஒட்டிச் செருகினேன். உள்ளே வாங்கியது, முனகியது, துப்பிவிட்டது. ஜுலைகா சொன்னாள்:

“இது எங்க வூட்டுக்காரர் மாதிரி அய்யா, பொய் சொன்னா வாசனையிலயே கண்டுபிடிச்சிரும்.”

பீரோவில் ஒரு வாழைப்பழம்

செவ்வாய்க்கிழமை பாடாலூர். லாரி ஆபீசில் எழுத்தராக இருந்து ஓய்வுபெற்ற செல்லமுத்து வீட்டில் ஒற்றை ஓட்டை பிளாப்பி இருப்பதாகக் கேள்வி. இருந்தது. இரும்பு பீரோவின் கதவில், வாழைப்பழம் மாதிரி செய்த காந்தத்தின் கீழே, சாமி படம் போல ஒட்டிக்கொண்டிருந்தது. “என் சர்வீஸ் முழுக்க இதுலதான் சார் இருக்கு” என்றார்.

காந்தம் பட்டால் பிளாப்பியில் உள்ளதெல்லாம் அழிந்துவிடும் என்று ஊர் ஊராகப் பிரசங்கம் செய்கிறவன் நான். ஒரு தடவை காந்தக் கடையைத் தாண்டிப் போனதற்கே எனக்கு என் பெயர் மறந்துபோயிருக்கிறது. இது செத்த பிளாப்பி என்று தலையில் அடித்துக்கொண்டு எழுந்துவிட்டேன். வாசல் வரை வந்த செல்லமுத்து பாவமாகச் சொன்னார்:

“கீழ விழுந்து கெட்டுரக் கூடாதேன்னுதான் சார் காந்தம் வச்சேன்.”

சூரியனைத் தின்ற பெட்டி

புதன்கிழமை செந்துறை. டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்திய அம்மா ஒருவர் பரணிலிருந்து பெட்டியை இறக்கித் தந்தார். உள்ளே ஐம்பது பிளாப்பி, அத்தனையும் ஒற்றை ஓட்டை! ஒன்றை ஆட்டிப் பார்த்தேன், சத்தமே இல்லை. ஐம்பதும் வெறும் கூடு. ஒரு சூரிய கிரகணத்தின்போது தெருவே கூடி, உள்ளே இருந்த கறுப்புத் தகட்டைப் பிய்த்து அதன் வழியாகச் சூரியனைப் பார்த்திருக்கிறது. கண் என்னத்துக்கு ஆகும் என்று கேட்டேன். அந்த அம்மா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

“அன்னிக்கு நல்லாத்தாங்க தெரிஞ்சுது, அதுக்கப்புறம்தான் எதுவும் தெரியல.”

பஸ் கடலுக்குள் போனது

செந்துறையிலிருந்து அரியலூர் பஸ்ஸில் ஜன்னலோரம். எங்கள் சீமை ஒரு காலத்தில் கடல். தோண்டினால் கல்லாகிப்போன நத்தை கிடைக்கும். கண்ணைச் செருகியது. பஸ் மெதுவாகத் தண்ணீருக்குள் இறங்கியது. கண்டக்டர் செவுள் அசைய டிக்கெட் கிழித்தார். கடலடியில் சங்குகளோடு சங்காகப் பிளாப்பிகள் வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தன. ஒன்றை எடுத்துக் காதில் வைத்தேன். மணி அடித்தது.

ஜுலைகாவின் போன். நான் தோற்ற கதையை வரிசையாகச் சொன்னேன். செல்லமுத்துவின் முட்டாள்தனத்தைக் கொஞ்சம் கூட்டியே சொன்னேன், அதில் ஒன்றுமே மிச்சமில்லை என்று. அந்தப் பக்கம் மெஷினின் விசிறி இரைந்துகொண்டிருந்தது. அந்த இரைச்சலுக்கு மேலே அவள் கேட்டாள்:

“உள்ள ஒண்ணும் இல்லாததுதானே அய்யா நமக்கு வேணும்?”

பீரோவுக்குள் போன சர்வீஸ்

பொழுது சாயும்போது மறுபடி பாடாலூர். செல்லமுத்து பீரோவுக்கு முன்னால் கையை விரித்து நின்றுகொண்டார். சர்வீஸைத் தர மாட்டாராம். அழிந்துபோச்சு என்று அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எனவே உண்மையைக் கொஞ்சம் வளைத்தேன். “இத்தனை வருஷத்தில் காந்தம் உங்க சர்வீஸை உறிஞ்சி பீரோ இரும்புக்குள் இறக்கிவிட்டது. இது வெறும் தோல்” என்றேன். லப்பைக்குடிக்காட்டுக் கொடியைப் பற்றியும் சொன்னேன்.

அவர் பீரோக் கதவில் காதை வைத்தார். வெகுநேரம் கேட்டார். என்ன கேட்டதோ, முகம் மெல்ல மலர்ந்தது. பிளாப்பியை எடுத்து என் கையில் வைத்துச் சொன்னார்:

“தோலை நீங்க கொண்டு போங்க சார், பீரோவை மட்டும் எவன் கேட்டாலும் தர மாட்டேன்.”

கொடி இறங்கிய காலை

வியாழக்கிழமை டோல்கேட்டில் பஸ் டயர் வெடித்தது. நான் போய்ச் சேரும்போது பத்தே முக்கால். இன்வெர்ட்டர் குருவிக்குஞ்சு மாதிரி கத்திக்கொண்டிருந்தது. ஜுலைகா இரண்டு கையாலும் மெஷினைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிளாப்பியைச் செருகினேன். மெஷின் முகர்ந்து பார்த்தது. துப்பவில்லை. முதலில் அதை உழுது தயார் செய்தது, அப்புறம் கொடியை இறக்க ஆரம்பித்தது. ஒவ்வொரு இலைக்கும் ஒரு ‘கர்ர்’. கடைசிப் பூ இறங்கி, பச்சை விளக்கு ஒரு தரம் சிமிட்டியது. இன்வெர்ட்டர் வாயை மூடியது. மெஷின் இருண்டது.

சாயங்காலம் கரண்ட் வரும்வரை நாங்கள் இரண்டு பேரும் அதன் முன்னாலேயே உட்கார்ந்திருந்தோம். விளக்கு எரிந்ததும் அவள் பிஸ்மி சொல்லி சுவிட்சைப் போட்டாள். திரையில் கொடி இலை இலையாக ஏறியது. முதல் வேலையாக, உள்ளங்கை அளவு துணியில் ஒரு பூ தைத்து, செல்லமுத்துவின் பீரோக் கதவில் காந்தத்துக்கு அடியில் வைக்கச் சொல்லி என்னிடம் கொடுத்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

“இனிமே கரண்ட் எங்க வேணாலும் போயிட்டு வரட்டும் அய்யா.”

முப்பது வருஷமாகக் காந்தத்தை ஊர் ஊராகத் திட்டித் திரிந்த நான், இப்போது பஸ் பாடாலூரைத் தாண்டும்போதெல்லாம், பக்கத்து சீட்காரர் பார்க்காத நேரமாய்ப் பார்த்து, ஒரு வாழைப்பழத்துக்குக் கும்பிடு போட்டுக்கொள்கிறேன்.