வாசலை அடைத்து நின்ற சனிக்கிழமைகள்

முதலில் நழுவியது இடது கால். நகரத்துக்கு நடுவே இருக்கும் பாறைப் பூங்காவில், மண்பாதை ஏற்றத்தில் மலைச் சைக்கிள் மிதித்துக்கொண்டிருந்தேன். பெடலிலிருந்து பாதம் மூன்று முறை வழுக்கியது. ஷூவைத்தான் குறை சொன்னேன். மறுநாள் காலை, குளியலறைக்குப் போகும் வழியிலேயே முழங்கால் மடங்கித் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

நாங்கள் குடியிருந்த ஹப்சிகுடாவில் மெட்ரோ வேலை தொடங்காத காலம் அது. நான் கோயம்புத்தூர்க்காரி, ஒரு மென்பொருள் நிறுவனத்தில் சோதனைப் பிரிவில் இருந்தேன். அடுத்தவர் எழுதிய புரோகிராமில் தப்புக் கண்டுபிடித்து அறிக்கை எழுதுவது வேலை. கணவர் லாலாகுடா ரயில்வே காலனியில் பிறந்து வளர்ந்த தமிழர். சனத்நகரில் ஒரு இன்ஜினியரிங் பட்டறையில் ஃபோர்மன்.

நரம்புக் கடத்தல் சோதனை (நரம்பில் மின்தூண்டல் எவ்வளவு வேகமாகப் பாய்கிறது என்று பார்ப்பது) முடிந்ததும் நோயின் பெயர் கிடைத்தது: கில்லன்-பாரே (உடலின் எதிர்ப்புச் சக்தி தன் நரம்புகளையே தாக்கும் நோய்). ஐந்து நாள் இம்யூனோகுளோபுலின் (பிறர் ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த எதிர்ப்புப் புரதம்) ஏற்றினார்கள். இடுப்புக்குக் கீழே என் உடம்பு யாரோ என் படுக்கையில் மறந்து வைத்துவிட்டுப் போன மூட்டை மாதிரி கிடந்தது.

எப்போது நடப்பேன் என்று கேட்டேன். நரம்பு தன் வேகத்தில்தான் தேறும், அதுவரை கையையும் மூச்சையும் பலப்படுத்துங்கள் என்றார் டாக்டர். தளர்ந்திருந்த கைகளுக்கு மூன்றாம் மாதம் பலம் திரும்பிவிட்டது. கணவர் பட்டறையில், வேலை நேரம் முடிந்த பிறகு, கையால் பெடலைச் சுற்றி ஓட்டும் மூன்று சக்கர வண்டி ஒன்றைச் செய்தார். தடித்த டயர், தாழ்ந்த இருக்கை. மண்பாதைக்கென்றே செய்தது.

அந்த வண்டி பூங்கா வாசலைத் தாண்டவில்லை. மோட்டார் பைக்குகள் நுழையாமலிருக்க, காலை நடையாளர் சங்கத்தார் இரும்புக் குழாய்களை வளைந்து வளைந்து போகும்படி நட்டிருந்தார்கள். வேறு வழி கிடையாது. ஒரே ஒரு குழாயை ஒரு முழம் தள்ளி நட்டால் போதும். சங்கத்தின் செயலாளரிடம் கேட்டேன். ஓய்வு பெற்ற அதிகாரி, வெள்ளை ஷூ போட்டவர். அவர் தெலுங்கில் சொன்னதைத் தமிழில் தருகிறேன்:

“அம்மா, இங்க எல்லாரும் காலைல நல்ல மனசோட வர்றாங்க. உங்கள இப்படிப் பார்த்தா அவங்களுக்குக் கஷ்டமா இருக்கும்.”

குரலில் ஒரு துளி கோபம் இல்லை. அதனால்தான் எனக்குப் பொறுக்கவில்லை. நோய் வந்த நாள் முதல் யார்மேல் கோபப்படுவது என்று தெரியாமல் இருந்தேன். இப்போது ஆள் கிடைத்துவிட்டார்.

அலுவலகத்தில் எழுதுவது போலவே புகார் எழுதினேன். எதிர்பார்த்தது: பூங்கா எல்லோருக்கும். நடந்தது: வண்டி இரண்டாவது குழாயில் நின்றது. புகைப்படம் இணைப்பு. வாரம் ஒன்றாக மாநகராட்சிக்கு அனுப்பினேன். அப்படிப்பட்டவர்கள் யாரும் இங்கே வருவதில்லை என்று மாநகராட்சிக்குச் சங்கம் பதில் கொடுத்தது. எங்கள் தொழிலிலும் புரோகிராம் எழுதியவர் முதலில் இதைத்தான் சொல்வார்: என் கணினியில் நன்றாகத்தான் ஓடுகிறது.

ஆகவே வந்தேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் விடியும்போது, அவர்கள் நுழையும் வாசலில் பாதி வழியை அடைத்துக்கொண்டு நின்றேன். உள்ளே போகிறவர்கள் என்னைச் சுற்றி ஒதுங்கித்தான் போக வேண்டும். என்னைப் பார்த்தால் கஷ்டமாக இருக்கும் என்றாரல்லவா, அந்தக் கஷ்டத்தை வாரம் தவறாமல் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒவ்வொருவர் கண்ணையும் பார்த்து வணக்கம் சொன்னேன். சிலர் நேரத்தை மாற்றிக்கொண்டார்கள். நானும் மாற்றிக்கொண்டேன்.

இதற்கு நடுவே கால் விரல்கள் அசைந்தன. பிறகு முழங்கால். ஏழாம் மாதம், ஊன்றுகோலோடு கூடத்தில் பத்தடி நடந்தேன். கணவருக்குக் கண் கலங்கிவிட்டது. சனிக்கிழமை வண்டியை எடுக்கச் சொன்னதும் அவர் முகம் மாறியது.

“நடக்க வருதுல்ல? கைக்கு இன்னும் வண்டி?” ‘கைக்கு’ என்றால் எதற்கு; லாலாகுடாவில் வளர்ந்தவர் தமிழில் அந்த ஊர் உருது கலந்து வரும்.

“நான் எந்திரிச்சு நின்னா அந்தாளு குழாயப் பிடுங்க மாட்டாருங்க.”

“ஹவ்,” என்றார், ஆமாம் என்பதற்கு. வண்டியை வெளியே உருட்டினார்.

ஆறு வாரம் நான் வெளியே நடக்கவில்லை. நடையாளர்களில் பலர் எங்கள் தெருக்காரர்கள். யாராவது பார்த்துவிடக் கூடாது. இயன்முறை மருத்துவர் கெண்டைக்காலை அளந்து பார்த்து, தேறிய தசை மறுபடி இளைத்திருக்கிறது, என்னதான் செய்கிறீர்கள் என்று கடிந்துகொண்டார். இதே நோயோடு இருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பழிவாங்கும் ஆசை நல்ல மருந்துதான், என்னைப் படுக்கையிலிருந்து கிளப்பியது அதுதான். ஆனால் அளவு தெரியாமல் சாப்பிட்டேன்.

கடைசியில் மாநகராட்சிப் பொறியாளர் பார்வையிட வந்தார். வண்டிதான் அளவுக்கு மீறிப் பெரியது, சாமர்த்தியமாக ஓட்டினால் போய்விடலாம் என்றார் செயலாளர். நீங்களே ஓட்டிக் காட்டுங்கள் சார் என்றேன். கூட்டத்துக்கு முன்னால் மறுக்க முடியாமல், கணவர் என்னைத் தூக்கி வாசலோரம் போட்டிருந்த நாற்காலியில் வைத்ததும், அவர் ஏறி உட்கார்ந்தார். இரண்டாவது குழாயில் சக்கரம் சிக்கியது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. இருக்கை தாழ்வு, குழாய்களுக்கு நடுவே அவரால் எழவும் முடியவில்லை. நடையாளர்கள் நின்று அவரைப் பார்த்தார்கள். இழுத்துவிடக் குனிந்த கணவரின் கையை நான் பிடித்துக்கொண்டேன். கொஞ்ச நேரம்தான். மறைப்பானேன், அந்தக் கொஞ்ச நேரம் ருசியாக இருந்தது.

அடுத்த மாதமே குழாயைத் தள்ளி நட்டுவிட்டார்கள். மண்பாதையில் முதல் நாள் வண்டியை ஓட்டினேன். ஏற்றத்தில் தோள் கழன்றுவிடும் போலிருந்தது. அதன் பிறகு வெளிப்படையாக ஊன்றுகோலோடு நடைபாதைக்கு வந்தேன்.

செயலாளர் எதிரே வந்தார். என் கால்களைப் பார்த்தார்; நிஜமாகவே சந்தோஷப்பட்டார். “நடக்க ஆரம்பிச்சுட்டீங்களே அம்மா. அப்ப அந்த வாசலுக்கு இத்தன பாடு தேவையே இல்லாமப் போச்சு.”

மன்னித்துவிடலாம் என்று ஒரு கணம் நினைத்தேன். வாய் வேறு சொன்னது.

“இந்தக் கால் ஒரே ராத்திரில நின்னு போச்சுங்க சார். திரும்பி வர ஒன்பது மாசம் ஆச்சு. நாளைக்கு மறுபடி நிக்கலாம். உங்களுதும்தான்.”

வழக்கமான வேகத்தில் நாலடி எடுத்து வைத்தவர் நடையைக் குறைத்தார். வலது காலை ஊன்றிப் பார்த்தார், பிறகு இடது காலை. நான் திரும்பி, அவர் முதுகைப் பார்த்தபடி பின்னாலேயே நடந்தேன். எங்கள் இருவருக்கும் இப்போது ஒரே வேகம்.