மணி அடித்த பிறகு ஓர் உதை

ஆஸ்திரேலியாவுல, எங்க பெண்டிகோ தங்கச் சுரங்கத்து ஆளுங்கள்ல ஆல்பி ட்ரெலோர் மாதிரி பந்து உதைச்சவன் கிடையாது. இதை எவனாவது மறுத்தா எனக்குக் கெட்ட கோபம் வரும். வெள்ளைக் கோட்டு மாட்டிக்கிட்டு, கோல் கம்பத்துக்கிட்ட நடுவரா நின்னு, எத்தனை புள்ளின்னு வருஷக்கணக்கா கொடி வீசிக் காட்டினவன் நான்.

அப்பா அம்மா காய்ச்சல்ல போனதும் அண்ணன் வில்ஃப்தான் அவனை வளர்த்தான், உதைக்கவும் பழக்கினான். ரெண்டு பேரும் ஓடைக்கு இந்தப் பக்கம் எங்க அணியில ஆடினாங்க. அப்புறம் ஆல்பி அக்கரையில பொண்ணு கட்டி அங்கேயே குடிபோனான். குடியிருக்கிற பேட்டைக்குத்தான் ஆடணும்னு சட்டம். வேற வழியில்லாம அவங்க சட்டையை மாட்டினான். அன்னியோட வில்ஃப் பேச்சை நிறுத்திட்டான். எங்க ஆளுங்களும் அவனைக் கண்டா முகத்தைத் திருப்பிக்கிட்டாங்க.

கொஞ்ச காலத்துலயே பொண்டாட்டி லெட்டியும் போய்ச் சேர்ந்தா. சனிக்கிழமை அக்கரைக்காரங்க அவனைத் தோள்ல தூக்குவாங்க. ஞாயித்துக்கிழமை ஒருத்தனும் சாப்பிடக் கூப்பிட மாட்டான். தனியா ஆட்டுக்கறி வேகவெச்சு, தனியாத் தின்பான். பாவம், அண்ணன் ஒரு வார்த்தை கூப்பிட்டாப் போதும், மூட்டை கட்டிக்கிட்டு வந்துடுவேன்னு என்கிட்டயே சொன்னான்.

அந்த வருஷம் இறுதி ஆட்டத்துல ரெண்டு கரையும் மோதிச்சு. எங்க அணி நாலு புள்ளி முன்னால. கடைசி மணி அடிக்கப்போற நேரத்துல ஆல்பி எகிறிப் பந்தைப் பிடிச்சான். எங்க ஊர் ஆட்டத்துல பந்தைக் கையால பிடிச்சவன் மணி அடிச்ச பிறகும் உதைக்கலாம். நடுக் கம்பங்களுக்குள்ள போனா ஆறு, அவங்க ஜெயம். பக்கத்துல நழுவினா ஒண்ணே ஒண்ணு. எதிர்ல மறிச்சு நின்னது வில்ஃப்.

அவன் தூக்கத்துல உதைச்சாலும் உள்ள போற தூரம். ஆல்பி அண்ணன் முகத்தையே பாத்தான். அப்புறம் உதைச்சான். பந்து ஓரமாப் போச்சு. ஒரு புள்ளிதான்னு நான் ஒத்தைக் கொடியை வீசினேன். எனக்கே கூசிச்சு.

எங்க ஆளுங்க கூத்தாடினாங்க. ஆல்பி நேரா அண்ணன்கிட்ட போனான்.

"அண்ணே, வீட்டுக்கு வரட்டுமா?"

வில்ஃப் அவனை ஏற இறங்கப் பாத்தான்.

"நீ ஜெயிச்சிருந்தா நாலு நாள் திட்டிட்டு, அஞ்சாம் நாள் நானே வந்து கூட்டிட்டுப் போயிருப்பேன்டா. எனக்குப் பிச்சை போட்டுட்டியே."

அவ்வளவுதான், திரும்பிப் பாக்காம நடந்துட்டான்.

அக்கரைக்காரங்க மட்டும் குருடங்களா என்ன? அடுத்த வருஷம் சட்டை தரல. ஆல்பி அப்புறம் எவனுக்கும் ஆடல. சனிக்கிழமை மத்தியானம் சுரங்கத்துல யாரும் போக விரும்பாத வேலையைக் கேட்டு வாங்கிக்கிட்டு, கூட்டத்தோட சத்தம் எட்டாத ஆழத்துக்கு இறங்கிடுவான்.