முட்டுவலி என்று சொன்னேன்

ஆஸ்பத்திரி வராந்தாவில் எட்டு மாதம் முட்டுவலிக்காரியாக உட்கார்ந்திருந்தேன். என் முழங்கால் முட்டு நன்றாகத்தான் இருந்தது.

இருமினால், தும்மினால், குனிந்து குடம் தூக்கினால் எனக்குச் சிறுநீர் கசியும். வயது அறுபத்துமூன்று. டாக்டரிடம் மகன் சாமுவேல்தான் கூட வருவான். அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு இதை எப்படிச் சொல்ல? "முட்டு வலிக்கி" என்றேன். பிசியோதெரபிக்கு (உடற்பயிற்சியால் செய்யும் வைத்தியம்) எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

உல்லாஸ்நகரில் இருக்கும் அக்கா ஞானத்திடமும் அதே பொய்தான். மும்பையில் நான் இருக்கும் தாராவியிலிருந்து அங்கே போக, சயானில் ரயில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்கு மேல். நெரிசலில் நனைந்து நின்றால் என்ன கதி? இரண்டு வருடம் போகவில்லை. அவளும் வரவில்லை. போனில் பேச்சும் குறைந்தது. இனி யாராவது ஒருத்தி செத்தால்தான் பார்ப்போம் என்று அழுதிருக்கிறேன்.

ஒருநாள் நாற்காலியில் உட்கார்ந்து எழும் பயிற்சியில் தரை நனைந்துவிட்டது. பயிற்சி தருகிறவள் சின்னப் பெண். சாமுவேலைச் சீட்டு வாங்க அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினாள். "கப் சே, ஆன்ட்டி?" எத்தனை நாளாய் என்று கேட்டாள். அழுதுகொண்டே சொன்னேன்.

இடுப்புத்தளத் தசை (சிறுநீர்ப்பையைக் கீழிருந்து தாங்குவது) தளர்ந்திருக்கிறதாம். அதற்கும் பயிற்சி உண்டாம், இதே அறையில். எட்டு மாதம் நான் முழங்காலை மடக்கி நீட்டிய அறை! தலையில் அடித்துக்கொண்டேன்.

சிறுநீரை அடக்குவதுபோல் தசையை இறுக்கிப் பத்து எண்ணச் சொன்னாள். தாராவிப் பொதுக் கழிப்பறை வரிசையில் முப்பது வருடம் நின்றவளுக்கா அடக்கச் சொல்லித் தர வேண்டும்? ஒரு வாரம் நாளெல்லாம் இறுக்கியே திரிந்தேன். இடுப்பு வலிதான் மிச்சம். "சோடோ பி, ஆன்ட்டி!" என்று சிரித்தாள். விடவும் வேண்டுமாம். அதை யாரும் எனக்குச் சொன்னதில்லை.

ஐந்து மாதமாயிற்று. முழுதாக நின்றுவிட்டது என்று சொல்ல மாட்டேன். தும்மல் வந்தால் இன்னும் பயம்தான். இந்த வயதில் மூன்று வேளையும் எண்ணிக்கொண்டு கிடப்பது அலுப்பாகவும் இருக்கிறது. முன்பு பொழுதைக் கழிப்பறைக்குக் கழிப்பறை அளந்தேன். இப்போது பத்துப் பத்தாக அளக்கிறேன். போன வாரம் ரயிலேறிவிட்டேன்.

"எம்மேல கோவமாக்கும்னுல்லா நெனச்சிட்டுக் கெடந்தேன்" என்றாள் அக்கா. உள்ளதைச் சொன்னேன். எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"எனக்கும் அப்படித்தாம்ட்டி. அதான் நானும் வரல. ஆஸ்பத்திரில என்னன்னு சொல்லணும்?"

"உள்ளதச் சொல்லுக்கா. முட்டுன்னு மட்டும் சொல்லிராத."

இரண்டு பேரும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து எண்ணினோம்.

"பத்தாச்சு. இனி விடுக்கா" என்றேன்.