விட்ட இடத்திலிருந்து தொடரலாமா?

போனை எடுப்பதற்கு முன் என் பக்கத்து வீட்டுக்காரர் அறைக் கதவைச் சாத்துவார். சாத்திவிட்டு, சரியாகப் பொருந்தியிருக்கிறதா என்று உள்ளங்கையால் ஒருமுறை அழுத்திப் பார்ப்பார். லிஃப்ட் மெக்கானிக் அல்லவா, கதவு முழுசாக மூடாமல் எதுவும் நகரக்கூடாது அவருக்கு. மறுமுனையில் "ஹலோ" வருவதற்குள் ஆரம்பித்துவிடுவார். "டேய், எவன்டா உன்னை அதுல கை வைக்கச் சொன்னது?"

அவருக்குப் பக்கத்தில் நான் குடிவந்த புதிதில் ஒரு காலையில் சுவரைத் தாண்டிக் கேட்டது இதைவிடப் பெரிய குரல். "கையை உடைச்சு அடுப்புல வெச்சுடுவேன், ஜாக்கிரதை!" காலில் ஒன்று என் செருப்பு, மற்றொன்று யாருடையதோ, அப்படியே ஓடினேன். அவர் மனைவி சிரித்த முகமாகக் கதவைத் திறந்தார். அது இன்னும் பயமாக இருந்தது. உள்ளே போனால் அடிபட்டவர் யாருமில்லை. இவர் மட்டும் போனும் கையுமாக, முகம் சிவந்து நின்றார்.

"யாரை சார் அடிக்கிறீங்க?"

"அட, அடிதடியெல்லாம் ஒண்ணுமில்ல சார். ஃபைல் அனுப்பற விஷயம்."

மறுமுனையில் இருந்தது அவர் மனைவியின் தம்பி. பல் கட்டும் கடை வைத்திருப்பவர். ஒரு ஃபைலுக்காக மைத்துனன் கையை அடுப்பில் வைப்பார்களா? அன்று நான் வாயைப் பிளந்தபடி வீடு திரும்பினேன்.

விஷயத்தைப் பிறகு அவரே விளக்கினார். இணையம் பரவுவதற்கு முன்னால், ஆர்வம் உள்ளவர்கள் தங்கள் வீட்டுக் கணினியையே ஒரு பொது இடம்போலத் திறந்து வைப்பார்களாம். மற்றவர்கள் தங்கள் கணினியிலிருந்து போன் லைன் வழியாக அதற்குள் வந்து, கடிதம் போட்டு, விளையாடி, ஃபைல்களைக் கொடுத்து வாங்கிப் போவார்கள். அதற்குப் பெயர் புல்லட்டின் போர்டு. உலகம் எங்கோ போய்விட்டது. இவரும் மைத்துனரும் சேர்ந்து ஆரம்பித்த போர்டு மட்டும் இவர் படுக்கையறைக்குப் பக்கத்து அறையில், மூடி கழற்றிய ஒரு பழைய கணினியில், மேசை மின்விசிறியின் காற்றை வாங்கிக்கொண்டு இன்னும் ஓடுகிறது. அதில் இவருக்குப் பெயர் கீழ்த்தளம். மைத்துனருக்குக் கடைவாய்ப்பல். இன்றைக்கும் உள்ளே வந்துபோகிற நாலைந்து பேரும் இவர்களைப் போன்ற பிடிவாதக்காரர்கள்தான்.

சண்டை, அந்தப் போர்டு ஃபைல்களை எப்படி வாங்க வேண்டும் என்பதைப் பற்றி. துண்டு துண்டாக அனுப்பி, ஒவ்வொரு துண்டுக்கும் "வந்தது" என்று பதில் வாங்கிக்கொண்டு அடுத்ததை அனுப்பும் பழைய முறை இவருடையது. பதிலுக்குக் காத்திராமல் சரசரவென்று கொட்டும் முறை மைத்துனருடையது. "ஒவ்வொரு வாய்க்கும் ருசியா இருக்கான்னு கேட்டுக் கேட்டு ஊட்டுவீங்களா மாமா?" என்று அவர் நக்கலடிப்பது ரிசீவரைத் தாண்டி எனக்கே கேட்டிருக்கிறது.

அதைக்கூட இவர் பொறுத்துக்கொள்வார். பொறுக்க முடியாதது இன்னொன்று. பாதியில் அறுந்துபோன ஃபைல் மறுபடி வந்தால், விட்ட இடத்திலிருந்து தொடரலாமா, முதலிலிருந்து வாங்க வேண்டுமா? கணினி பெயரை மட்டும் பார்க்கும். அதே பெயரில் சிறிய ஃபைல் ஒன்று ஏற்கெனவே இருந்தால், இதன் பாதிதான் அது என்று நினைத்து, மிச்சத்தை அதன் வாலில் ஒட்டிவிடும்.

"பேரு ஒண்ணா இருந்தா ஆளும் ஒண்ணா சார்? பாதியில நின்ன லிஃப்டை நான் அப்படியே மேல அனுப்புவேனா? கீழ கொண்டாந்து, முதல்லேர்ந்துதான் ஏத்துவேன். இவன் என்னடான்னா, தொடரட்டும் தொடரட்டும்னு தினம் அதை மாத்தி வைக்கிறான்."

தினமும்தான். மைத்துனர் தன் வீட்டிலிருந்தே உள்ளே நுழைந்து "தொடரலாம்" என்று மாற்றுவார். காலையில் இவர் பார்த்து "கூடாது" என்று மாற்றுவார். பிறகு கதவைச் சாத்திக்கொண்டு போன்.

"முன்னாடியெல்லாம் நான் சொன்னா கேட்டுக்குவான் சார். அவன் அக்காவுக்கு ஆபரேஷன் ஆனப்புறம் என்னவோ புத்தி கெட்டுப்போச்சு" என்று அலுத்துக்கொள்வார்.

அந்த அம்மாவுக்குத் தொண்டையில் வந்த நோய்க்காகக் குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். இப்போது அவருக்குப் பேச்சு கைதட்டல்தான். ஒரு தட்டு என்றால் சாப்பாடு தயார். இரண்டு என்றால் யாரோ வந்திருக்கிறார்கள். விடாமல் தட்டினால் இவர் ஏதோ தப்புச் செய்திருக்கிறார். இவர் கதவைச் சாத்திக்கொண்டு கத்த ஆரம்பித்ததும், ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து அந்தக் கதவை விரியத் திறந்துவிட்டு மறுபடி சமையலறைக்குப் போய்விடுவார். இவர் கூச்சத்தோடு என்னைப் பார்ப்பார். "காத்து வேணுமாம் சார். உடம்பு முடியாதவ காதுல இந்தக் கண்றாவியெல்லாம் விழக் கூடாதுன்னு பாத்தா, கேக்க மாட்டேங்கறா."

மற்றபடி தங்கமான மனிதர். யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் அந்தக் கட்டடத்து லிஃப்டின் கதவில் காதை வைத்துக் கேட்பார். "கயிறு முனகுது, ஆளைக் கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் நலம் விசாரிப்பார். தன் வீட்டுக்கு மட்டும் படியேறித்தான் வருவார். கேட்டால், "வேலை நேரம் முடிஞ்சாச்சு சார்" என்பார். மைத்துனரைத் தவிர வேறு யாரிடமும் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. இன்னும் சொன்னால், அந்தப் போன் ஒன்றைத் தவிர அந்த வீட்டில் மனிதக் குரலே கேட்பதில்லை.

போன வாரம் ஒரு காலையில் அவரே வந்து என் வீட்டுக் கதவைத் தட்டினார். "வாங்க சார், ஒரு சாட்சி வேணும். இன்னியோட அவன் சங்காத்தமே வேணாம். போர்டுலேர்ந்து அவன் பேரை எடுத்துடறேன். இந்த வீட்டுப் படியும் அவன் மிதிக்க வேணாம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. விளையாட்டாகப் பார்த்துக்கொண்டிருந்த சண்டை, உறவையே வெட்டுகிற இடத்துக்கு வந்துவிட்டதா?

அறைக்குள் என்னைக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார். உள்ளங்கையால் அழுத்தினார். திரையில் ஒரு ஃபைலைக் காட்டினார். "இது அவ குரல் சார். ஆபரேஷனுக்கு முந்தின நாள், எதையாவது பேசுன்னு நான் பதிஞ்சது. அவனோட ரெக்கார்டர்ல. அது எல்லா ஃபைலுக்கும் ஒரே மாதிரி நம்பர்தான் பேரா வைக்கும், காலி பண்ணா மறுபடி ஒண்ணுலேர்ந்து ஆரம்பிக்கும். நேத்து அவன் தன்கிட்ட இருக்கறதையெல்லாம் பத்திரமா இருக்கட்டும்னு மொத்தமா இங்க கொட்டியிருக்கான். அதுல எதுக்கோ இதே பேரு. தொடரட்டும்னு மாத்திட்டுத்தான் அனுப்பியிருக்கான். இன்னைக்குப் பாத்தா ஃபைல் ரெண்டு பங்கு பெருசாயிருக்கு. என் பொண்டாட்டி குரல் மேல எவன் பாட்டு ஒட்டிக்கிட்டிருக்கோ, என்ன எழவோ! நீங்களே கேளுங்க."

ஒலியை மட்டாக வைத்து ஓடவிட்டார். அந்த அம்மாவின் குரலை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். நான் எதிர்பார்த்ததைவிடக் கனமான, அதட்டுகிற குரல்.

"என்னத்தைப் பேசச் சொல்றீங்க? சாவியை ஆணியில மாட்டுங்க. சாக்ஸைச் சுருட்டி ஷூவுக்குள்ள திணிக்காதீங்க, நாறுது. பல்பு மாத்தறப்ப மெயினை அணைங்க. லிஃப்டுக்கு மட்டும்தான் அணைப்பீங்களா? என்ன சிரிப்பு? சிரிச்சது போதும், நிறுத்துங்க."

அதோடு அவர் பதிந்தது முடிந்தது. மூச்சு விடும் இடைவெளி கூட இல்லை. பாட்டும் வரவில்லை. அதே குரல்தான் வந்தது. ஆனால் மெதுவாக, ஒரு வாக்கியத்தின் நடுவிலிருந்து.

"...போயிடுவாருடா. அவரு குரலை உசத்திப் பேசறதே என்கிட்டதான். நான் பதிலுக்குக் கத்தலேன்னா அவரும் கத்த மாட்டாரு. அந்தப் பெட்டி முன்னாடி உக்காந்து அப்படியே ஊமையாயிடுவாரு. வீடு வீடாவே இருக்காது. நீ அவரை விட்டுடாதே தம்பி. எதையாவது சாக்கு வெச்சு தினம் சண்டை இழு. அவரு சொல்றது சரின்னு தெரிஞ்சாலும், இல்ல மாமான்னு சொல்லு."

ஓர் ஆண்குரல், அழுகையை விழுங்கிக்கொண்டு. "மாமா என்னை வெறுத்துட்டா என்னக்கா பண்றது?"

"திட்டுவாரு. வாங்கிக்கோ. கதவை மட்டும் நான் திறந்து வெச்சுக்கறேன். எனக்குக் காதுல விழுந்தாப் போதும்."

"சரிக்கா."

அவ்வளவுதான். மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. பிறர் வீட்டு ரகசியத்தைக் கேட்டுவிட்ட குறுகுறுப்பு ஒரு பக்கம். இவ்வளவு நாள் சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து நான் சிரித்த சண்டை இதுவா என்ற அதிர்ச்சி ஒரு பக்கம். எழுந்து போகவும் தோன்றவில்லை, இருக்கவும் முடியவில்லை.

அவர் முகத்தில் ரத்தமே இல்லை. கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார். சமையலறையில் ஒரு பாத்திரம் கீழே வைக்கப்படும் ஓசை கேட்டது. அவர் காது அந்தப் பக்கம் திரும்பியது, லிஃப்ட் கதவில் வைத்துக் கேட்பாரே, அதுபோல.

திரையில் மைத்துனரின் பெயரை நீக்குவதற்கான பக்கம் அப்படியே திறந்திருந்தது. அதை மூடினார். "தொடரலாம்" என்று மைத்துனர் வைத்திருந்ததை, வழக்கம்போல, "கூடாது" என்று மாற்றினார். போனை எடுத்து எண்களை அழுத்தினார். என்ன சொல்லப் போகிறார்?

மணி அடிக்கத் தொடங்கியதும் எழுந்து போய்க் கதவை அவரே விரியத் திறந்தார். அது திரும்பி மூடிக்கொள்ளாதபடி அடியில் தன் செருப்பைத் தள்ளி முட்டுக்கொடுத்தார். பிறகு சமையலறையைப் பார்த்து நின்றுகொண்டு, கண்ணிலிருந்து வழிவதைத் துடைக்காமலே, கட்டடம் அதிரக் கத்தினார். "டேய்! எவன்டா உன்னை அதுல கை வைக்கச் சொன்னது?"