செல்லையா அண்ணாச்சியின் தீப்பெட்டிப் படங்கள்

செல்லையா அண்ணாச்சி போய்விட்டார். நேற்று விடியற்காலையில், ஹார்ட் அட்டாக்.

கடை வாட்ஸ்அப் குரூப்பில் எல்லாரும் கைகூப்பும் படம் போட்டிருந்தார்கள். நானும் ஒன்று போட்டேன். போட்டுவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தேன்...

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். சாலை பஜாரில் நான் பில் போடும் ஹார்ட்வேர் கடையில் முப்பது வருஷம் குடோன் பார்த்தவர். ரிட்டயர் ஆகி மூன்று வருஷம் ஆகிறது.

நாற்பத்தைந்து வயதில் சிகரெட்டை விட்டாராம். விட்ட பிறகும் சட்டைப்பையில் தீப்பெட்டி இல்லாமல் கை பரபரத்ததாம். அப்படி ஆரம்பித்ததுதான் தீப்பெட்டிப் படம் சேர்க்கும் கிறுக்கு. கிறுக்கு என்றுதான் கடையில் எல்லாரும் சொன்னோம். நானும்தான்.

தமிழ்நாட்டிலிருந்து சரக்கு கொண்டுவரும் லாரி டிரைவர்களிடம் அவருடைய முதல் கேள்வியே, "என்ன தீப்பெட்டி வெச்சிருக்கீரு?" புதுப் படமாக இருந்தால் டீ வாங்கிக் கொடுத்துப் பெட்டியைக் கேட்டு வாங்கிக்கொள்வார். ஒரே மயில்தான், ஆனால் வாலில் நிறம் கொஞ்சம் மாறியிருந்தால் அவருக்கு அது வேறு மயில்.

இப்போது வருவதெல்லாம் அட்டைப்பெட்டி, பிளேடால் வெட்டினால் முடிந்தது. எங்காவது பழைய மரப்பெட்டி கிடைத்துவிட்டால் அன்றைக்குத் திருவிழா. மத்தியானம் டிபன்பாக்ஸ் மூடியில் தண்ணீர் ஊற்றி ஊறப்போடுவார். படம் கழன்று மிதந்ததும் இரண்டு விரலால் எடுத்து என் பில் புக்குக்கு அடியில் காயவைத்துவிடுவார். பில்லெல்லாம் ஈரமாகும். கத்துவேன்.

"ஒரு மயில் காயுது மோளே, கொஞ்சம் பொறு" என்பார்.

ரிட்டயர் ஆனதும் அவரும் மனைவியும் மகள் ரேவதியின் பிளாட்டுக்கு மாறினார்கள். அங்கே இடம் இல்லை. ஏழு பெரிய ஆல்பங்களையும் ஒரு அட்டைப்பெட்டியில் கட்டி, ஆட்டோவில் என் வீட்டுக்கே கொண்டுவந்தார்.

"நீ சூக்ஷிச்சு, பத்திரமா வெச்சுக்கணும், கேட்டியா. வேற ஆருட்டயும் குடுக்க மனசு வரல்ல."

அலமாரியில் வைக்கிறேன் என்றேன். வைத்தது வாசல் சிட்அவுட்டில், பழைய பேப்பர் கட்டுக்குப் பக்கத்தில். ஞாயிற்றுக்கிழமை இடம் ஒதுக்கலாம் என்று... நம் ஞாயிற்றுக்கிழமைகள் தெரியாதா.

ஒருநாள் காலையில் மழை. சிட்அவுட்டுக்குள் சாரல் அடிக்கிறது, எனக்குக் கடைக்கு நேரமாகிவிட்டது. வீட்டு வேலைக்கு வரும் லதா சேச்சியிடம் குடையை விரித்துக்கொண்டே சொன்னேன், "பழைய பேப்பர் எடுக்க ஆக்ரிக்காரர் வருவாரு சேச்சி. அந்தப் பெட்டியையும் தூக்கிருங்க."

நனையாமல் மேலே எடுத்து வைக்கத்தான் சொன்னேன். சேச்சிக்குத் தமிழ் அரைகுறை. மலையாளத்தில் தூக்குவது என்றால் எடை போடுவது. பேப்பரோடு சேர்த்துப் பெட்டியையும் தூக்கிக் கொடுத்துவிட்டார்.

எனக்கு மலையாளம் நன்றாகவே வரும். பிள்ளைகளைத் திட்டுவதுகூட மலையாளத்தில்தான். அன்றைக்குப் பார்த்து வாயில் தமிழ் வந்தது.

சாயங்காலம் பெட்டியைக் காணாமல் சேச்சிக்கு போன் பண்ணினேன். "மோள் தன்னெயல்லே தூக்கான் பறஞ்ஞது?" நீதானே எடை போடச் சொன்னாய் என்று அவர் அழுகிற மாதிரி கேட்டார். அவர்மேல் ஒரு தப்பும் இல்லை.

ஆக்ரிக் கடை ஸ்கூட்டரில் பத்து நிமிஷம். அன்றைக்கே போயிருந்தால் கிடைத்திருக்கும். போகவில்லை. மழை, கால்வலி, தீப்பெட்டிப் படம்தானே என்று ஒரு அலட்சியம்... மறுநாள் மத்தியானம் போனேன். லோடு போய்விட்டது.

அந்த வாரமே அண்ணாச்சி போன் பண்ணினார். "பெட்டி பத்திரமா இருக்குல்லா?"

"இருக்கு அண்ணாச்சி. அலமாரியில இருக்கு."

எப்படி அவ்வளவு சுலபமாக வந்ததோ.

அதன்பிறகு புதுப் படம் கிடைக்கும்போதெல்லாம் ஒரு பழைய கல்யாணக் கவரில் போட்டுக் கடைக்குக் கொடுத்தனுப்புவார். கவர்மேல் எழுதியிருக்கும்: ஏழாவது ஆல்பம், கடைசிப் பக்கம், சேவலுக்குக் கீழே. நான் எல்லாவற்றையும் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வந்தேன்.

போன வருஷம் ஒருநாள், "நாளைக்கு வந்து ஒரு தடவ பாத்துட்டுப் போறேன் மோளே" என்றார். பதறிப்போய், சின்னவனுக்கு அம்மை போட்டிருக்கிறது என்று சொல்லிவிட்டேன்.

மறுநாள் கடைக்கு ஒரு கட்டு வேப்பிலையும் நாலு இளநீரும் வந்தன. பத்து நாள் தினமும் போன். "புள்ளைக்கு எறங்கிச்சா?"

கல்லுமாதிரி இருந்த பையன் அந்த இளநீரைக் குடித்துவிட்டு கிரிக்கெட் ஆடப் போனான். எனக்கு என்னைப் பார்க்கவே அசிங்கமாக இருந்தது. அப்போதும் உண்மையைச் சொல்லவில்லை.

நேற்று போயிருந்தேன். பிரீசர் பெட்டிக்குள் வெள்ளைச் சட்டையில் படுத்திருந்தார். அவர் மனைவியை நாங்கள் எல்லாரும் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அந்தப் புக்கெல்லாம் ஒனக்குத்தான்னு சொல்லிட்டாரு மோளே. இங்க ஆருக்கும் அதுல இஷ்டம் கெடையாது. நீ ஒருத்தியாவது ஆசையா வெச்சிருக்கியேன்னு அவருக்கு அம்புட்டு நிம்மதி."

தலையாட்டினேன். அவரை முன்னால் வைத்துக்கொண்டே தலையாட்டினேன்.

ரேவதி, உன்னை டேக் பண்ணியிருக்கிறேன். என்னிடம் டின்னில் இருக்கும் இருபத்துமூன்று படம்தான் இருக்கிறது. வேறு எதுவும் இல்லை. அம்மாவிடம் நீ சொல்லாதே, நாளைக்கு நானே வந்து சொல்கிறேன். நீ என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன்.

அண்ணாச்சி... மூன்று வருஷமாக எத்தனை போன் பேசியிருப்போம். ஒரு தடவையும் வாய் வரவில்லை.

பெட்டி என்கிட்ட இல்ல அண்ணாச்சி.

போயிட்டு வாங்க.