மொட்டைக் கோபுரத்துக்குக் கீழ நில்லுங்க

நான்கு வருடங்களுக்கு முன், வைகாசி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை காலை. மதுரை மீனாட்சி அம்மன் கோயிலின் வடக்கு வாசலில் நான், என் மனைவி, என் மூத்த மகள் மூவரும் ஒன்பதே காலுக்கே போய் நின்றுகொண்டிருந்தோம். உசிலம்பட்டியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் மகளைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது.

வீட்டில் வைத்துப் பார்க்காமல் கோயிலுக்கு வரச் சொன்னதற்குக் காரணம் உண்டு. எங்கள் வீடு வடக்கு மாசி வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்துக்குள் இருக்கிறது. எதிரே ஆள் வந்தால் சுவரோடு ஒட்டி நின்றுதான் வழி விட வேண்டும். பைக்கை உருட்டிப் போனால் கைப்பிடி இரண்டு பக்கமும் உரசும். எனக்கு அது குறையாகத் தெரிந்ததே இல்லை. கோயில் மணி காதில் விழும் தூரத்தில் இருக்கிறோமே, அது போதாதா என்று இருந்துவிட்டேன். பெண் பார்க்க வந்தவர்களுக்கு அப்படித் தெரியவில்லை. மூன்று இடம் வந்து போனது. மூன்றாவதாக வந்த அம்மாவுக்கு, வீதியில் காரை விட்டுவிட்டு சந்துக்குள் நடந்து வரும்போதே முகம் மாறிவிட்டது. கேசரியைச் சாப்பிட்டுப் போனார்கள், பதிலே வரவில்லை. அந்தத் தட்டுகளைக் கழுவிக்கொண்டே மகள் சொன்னாள்: “இனிமே வீட்டுக்கு யாரையும் வரச் சொல்லாதீங்கப்பா. கோயில்னா வாரேன். அதுவும் இன்னும் ஒரு தடவைதான்.” அப்போது அவளுக்கு முப்பது தாண்டியிருந்தது. தனியார் பள்ளியில் டீச்சர். ஒன்று சொன்னால் சொன்னதுதான்.

நடந்தது புரிய வேண்டுமானால் எங்கள் பகுதியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கோயிலை நடுவில் வைத்துச் சதுரம் சதுரமாக வீதிகள். மதிலுக்கு உள்ளே ஆடி வீதி. வெளியே வந்தால் சித்திரை வீதி, அடுத்து ஆவணி மூல வீதி, அப்புறம் மாசி வீதி, கடைசியில் வெளி வீதி. ஒவ்வொன்றும் நாலு திசைக்கு நாலு. வெளியூர்க்காரர்களுக்குத் தலை சுற்றும். போதாக்குறைக்குப் பேரும் இடமும் பொருந்தாது. சித்திரைத் தேர் ஓடுவது சித்திரை வீதியில் இல்லை, மாசி வீதியில். கீழவாசல், தெற்குவாசல் என்று பஸ்ஸில் டிக்கெட் கேட்கிறோம். அங்கே இறங்கினால் வாசலும் இல்லை, வாசல் வைத்திருந்த கோட்டையும் இல்லை. இடித்து எத்தனையோ தலைமுறை ஆகிவிட்டது.

மொட்டைக் கோபுரமும் அப்படித்தான். கோயிலின் வடக்குக் கோபுரம் ஒரு காலத்தில் மேல்நிலை கட்டாமல் வெகுநாள் மொட்டையாக நின்றதாம். பிறகு புண்ணியவான்கள் யாரோ கட்டி முடித்துக் கலசமும் வைத்துவிட்டார்கள். ஆனாலும் எங்களுக்கு அது மொட்டைக் கோபுரம்தான். அங்கே காவல் இருக்கும் முனீஸ்வரருக்கும் மொட்டைக் கோபுரத்து முனி என்றுதான் பெயர். அவரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் எந்த நல்ல காரியத்தையும் நான் தொடங்கியதில்லை.

அதனால் மாப்பிள்ளையின் தாய்மாமா போனில், “எங்க வந்து நிக்க?” என்று கேட்டபோது யோசிக்கவே இல்லை. “மொட்டைக் கோபுரத்துக்குக் கீழ நில்லுங்க. மதுரையில யாரைக் கேட்டாலும் சொல்வாக” என்றேன். கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னேன்.

ஒன்பதரைக்குச் சந்தித்து, சேர்ந்து உள்ளே போய், பொற்றாமரைக் குளத்துப் படியில் உட்கார்ந்து பேசுவதாக ஏற்பாடு. பத்தரைக்கு ராகு காலம் பிறந்துவிடும். அதற்குள் பெண்ணைப் பார்த்துவிட வேண்டும் என்று அவர்கள் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். எங்களுக்கும் அதில்தான் திருப்தி.

கோயிலுக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது. வெளியூர் ஆட்கள் வாசலில் கொடுத்து டோக்கன் வாங்குவார்கள். உள்ளூர்க்காரர்கள் நாங்கள் வீட்டிலேயே வைத்துவிட்டுத்தான் கிளம்புவோம். அன்றைக்கும் மூன்று போனும் வீட்டில் ஃபிரிட்ஜ் மேல் இருந்தன. யாரிடமாவது போன் வாங்கிப் பேசலாம் என்றால் நம்பர் மனப்பாடம் இல்லை.

ஒன்பதரை ஆனது, ஒன்பதே முக்கால் ஆனது. ஒவ்வொரு குடும்பமாக வந்து, கும்பிட்டு, உள்ளே போய்க்கொண்டிருந்தது. எங்களைத் தேடி யாரும் வரவில்லை. வாட்சைப் பார்க்காமல் இருக்க மகள் பட்ட பாடு எனக்குத் தெரிந்தது.

“வீடு வரைக்கும் போயி போனை எடுத்துட்டு வாங்களேன்” என்றாள் மனைவி.

“பொண்ணு வீட்டுக்காரன்னா போன் போட்டுக் கெஞ்சணுமாக்கும்?” என்றேன். அவமானம் எனக்குக் கோபமாக மாறிக்கொண்டிருந்தது. பத்து மணி ஆனதும் வாய்விட்டே சொல்லிவிட்டேன். “உசிலம்பட்டி ஆளுகளுக்கு என்னைக்கு நேரங்காலம் தெரிஞ்சிருக்கு? மாட்டுச் சந்தைன்னா விடியுமுன்ன வந்து நிப்பாக. பொண்ணு பாக்கத்தானே, மெதுவா வரட்டும்னு இருப்பாக!”

பக்கத்தில் ஈரச் சாக்கை விரித்து, கூடையை முன்னால் வைத்து ஒரு பூக்கார அம்மா பூக் கட்டிக்கொண்டிருந்தார். நாற்பது, நாற்பத்தைந்து வயது இருக்கும். கை நிற்காமலே தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார்.

“நானும் அந்தப் பக்கத்து ஆளுதாண்ணே. சொன்ன நேரத்துக்கு வராதவுக இல்ல எங்க சனம்.”

எனக்குச் சுருக்கென்றது. மனைவி தரையைப் பார்த்தாள். மகள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதைவிட அந்த அம்மா இரண்டு வார்த்தை திட்டியிருக்கலாம். ஆனால் அவர் திட்டவில்லை. “அவுகளை எங்க நிக்கச் சொன்னீக?” என்று கேட்டார்.

“மொட்டைக் கோபுரத்துக்குக் கீழன்னு சொன்னேன்.”

“வடக்குக் கோபுரம்னு சொல்லலையா?”

“மொட்டைக் கோபுரம்னா யாருக்குத் தெரியாது?”

இப்போதுதான் அவர் கை நின்றது. “எனக்குத் தெரியலையேண்ணே. கல்யாணமாகி வந்த புதுசுல எங்க வீட்டுக்காரரு இதே மாதிரிதான் சொல்லி விட்டாரு, மொட்டைக் கோபுரத்துல போயி உக்காருன்னு. நானும் மொட்டையா இருக்குற கோபுரமாத் தேடிப் போயி, புது மண்டபத்துக்குப் பின்னால கூடையோட உக்காந்திருந்தேன். பூவெல்லாம் வாடிப்போச்சு.”

எனக்கு உறைக்க ஒரு நிமிடம் ஆனது. கோயிலுக்குக் கிழக்கே, புது மண்டபத்தைத் தாண்டி ராய கோபுரம் என்று ஒன்று நிற்கிறது. கட்டத் தொடங்கி அடித்தளத்தோடு விட்டுவிட்டார்கள். அதுதான் உண்மையிலேயே மொட்டை.

“ஓடுங்கண்ணே. இங்க வந்தாகன்னா நான் பாத்துக்கிறேன்” என்றார் அந்த அம்மா.

ஓடினேன். செருப்பு ஸ்டாண்டில் இருந்தது, எடுக்கவில்லை. சித்திரை வீதியில் பதித்திருக்கும் கல் வைகாசி வெயிலில் அந்த நேரத்துக்கே சுட ஆரம்பித்துவிடும். முனீஸ்வரா, அவுக கிளம்பியிருக்கக் கூடாது என்று சொல்லிக்கொண்டே வடக்குச் சித்திரை வீதியை முடித்து, முக்கில் திரும்பி, கிழக்குக் கோபுரத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு, புது மண்டபத்தைச் சுற்றிப் போனேன்.

இருந்தார்கள். ஒரு பாத்திரக் கடைப் படியில் மாப்பிள்ளையின் அம்மா காலை நீட்டி முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். தாய்மாமா கையில் பழப்பை. மாப்பிள்ளை காதில் போனை வைத்துக்கொண்டு நின்றார். அவர் போட்ட போன் எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் மேல் அடித்துக்கொண்டிருந்திருக்கும்.

என்னைப் பார்த்ததும் தாய்மாமா எழுந்துவிட்டார். “இப்பத்தான் விடிஞ்சதாக்கும்? ஒம்பது மணியில இருந்து நிக்கிறோம். எங்க அக்காவுக்கு முழங்கால் வலி வேற. பொண்ணைக் காட்ட மனசில்லேன்னா போன்லயே சொல்லிப்புட்டிருக்கலாம்ல? கிளம்பத்தான் போறோம்.”

“இது இல்லீங்க மொட்டைக் கோபுரம்” என்றேன். மூச்சு வாங்கியது.

“இது மொட்டை இல்லையா? அப்ப இதுக்கு முடி எங்க இருக்குன்னு காட்டுங்க, பாப்போம். கீழன்னு சொன்னீக. கோயிலுக்குக் கீழ்ப்பக்கம் வந்தோம். மொட்டையா ஒண்ணு நிக்கிது. இதுல யாரைப் போயி கேக்க?”

எங்கள் பக்கத்தில் கீழ என்றால் அடியில் என்றும் அர்த்தம், கிழக்கே என்றும் அர்த்தம். நான் சொன்னது ஒன்று, அவர் கேட்டது ஒன்று. அண்ணாந்து பார்த்தேன். பெரிய பெரிய கல்தூண்கள், அதற்கு மேல் வானம். வேறு ஒன்றும் இல்லை. விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் முப்பது வருடம் வேலை பார்த்தவன் நான். தினமும் இந்த வழியாகத்தான் போய் வந்திருக்கிறேன். ராய கோபுரம், ராய கோபுரம் என்று சொல்லிப் பழகிய எனக்கு அது மொட்டையாக நிற்பது கண்ணில் பட்டதே இல்லை. எப்போதோ ஒரு முறை வருகிறவர்களுக்குப் பட்டிருக்கிறது.

“தப்பு என்மேலதாங்க” என்று கையைக் கூப்பினேன். என் காலைப் பார்த்தார்கள், செருப்பு இல்லை. மாப்பிள்ளைதான் முதலில் சிரித்தார். “அப்ப அந்த மொட்டைக் கோபுரத்துக்கு முடி இருக்கா மாமா?”

“இருக்கு மாப்ள” என்றேன். என்னை அறியாமல் வாயில் வந்துவிட்டது.

மாப்பிள்ளையின் அம்மாவும் சிரித்துவிட்டார். “நல்ல காரியத்துக்கு மொட்டைன்னு பேரு வச்ச எடத்துக்கு வரச் சொல்றாகளேன்னு நேத்தே இவன்கிட்ட சொன்னேன். சரி தம்பி, கையைப் பிடி. நேரத்தோட போவோம்” என்று தம்பியின் கையை ஊன்றி எழுந்தார்.

சித்திரை வீதிக்குள் ஆட்டோ வராது. அந்த அம்மா இரண்டு எட்டு வைத்து ஒரு நிமிடம் நிற்கிறார். மணி பத்து இருபது. வடக்கு வாசல் போய்ச் சேருவதற்குள் ராகு காலம் பிறந்துவிடும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அப்போதுதான் வடக்கும் கிழக்கும் சந்திக்கும் முக்கில் மூன்று பெண்கள் எதிரே வருவது தெரிந்தது. முன்னால் பூக்கார அம்மா, பின்னால் மனைவி, மகள்.

“நீங்க கூட்டியாரதுக்குள்ள நேரமாயிரும்னு நாங்களே எதுக்க வந்துட்டோம்ண்ணே. கூடையைச் செருப்பு ஸ்டாண்டுல பாத்துக்கச் சொல்லிட்டேன்” என்றார்.

மகள் யாரையும் கும்பிடவில்லை, வெட்கப்படவும் இல்லை. நேராகப் போய் மாப்பிள்ளையின் அம்மாவின் இன்னொரு கையைப் பிடித்தாள். “கல்லு சுடும், இந்தப் பக்கம் நெழலு இருக்கு, வாங்க. இம்புட்டு நேரமாவா நின்னீங்க?” என்று மதில் ஓரமாகக் கூட்டிப் போனாள். அவ்வளவுதான் பெண் பார்த்தது. காபி இல்லை, கேசரி இல்லை, பொற்றாமரைக் குளமும் இல்லை. பூக்கார அம்மா இலையில் மடித்துக் கொண்டுவந்திருந்த மல்லிகையை மாப்பிள்ளையின் அம்மாவிடம் நீட்டினார். “தலையில வச்சு விடுங்கத்தா, நேரம் போகுது.” அந்த அம்மா மாப்பிள்ளையை ஒரு பார்வை பார்த்தார். அவர் தலையசைத்தார். பூவை மகளின் தலையில் வைத்துவிட்டு, “நீ எந்த ஊரு தாயி?” என்று பூக்கார அம்மாவிடம் கேட்டார். பக்கத்துப் பக்கத்து ஊராக இருந்தது.

தாய்மாமாவுக்கு மட்டும் மனது ஆறவில்லை. “எங்களைக் காணோம்னதும் இவரு நல்லா வஞ்சிருப்பாரே?” என்று பூக்கார அம்மாவைக் கேட்டார்.

மாட்டுச் சந்தை என்று நான் சொன்னதில் பாதியைச் சொல்லியிருந்தாலும் அன்றைக்கு எல்லாம் முடிந்திருக்கும். சொல்ல அவருக்கு நியாயமும் இருந்தது. அவர் என்னை ஒரே ஒரு தடவை பார்த்தார்.

“வையவா? பாவம், உங்களைக் காணோம்னு முனீஸ்வரர்கிட்ட நின்னு பொலம்பிக்கிட்டுல்ல இருந்தாரு” என்றார்.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. மகள் இப்போது உசிலம்பட்டியில் ஒரு பள்ளியில் வேலை பார்க்கிறாள். சம்பந்தி அம்மா சந்துக்குள் சுவரைப் பிடித்து நடந்து வந்து, எங்கள் வீட்டில் இரண்டு நாள் தங்கிவிட்டுத்தான் போவார். ஒரு வெள்ளிக்கிழமை, பூக்கார அம்மாவிடம் பூ வாங்கும்போது, அன்றைக்கு நான் பேசியதைப் பற்றி மன்னிப்புப் போல ஏதோ ஆரம்பித்தேன். “பூ வாடிரும்ண்ணே, சாமிக்குக் கொண்டு போங்க” என்று அந்த அம்மா அடுத்த ஆளுக்கு முழம் போட ஆரம்பித்துவிட்டார்.

வெளியூரிலிருந்து யாராவது வந்தால் இப்போது நான் அடையாளம் சொல்வதில்லை. உங்கள் கண்ணுக்கு எதிரே என்ன தெரிகிறது என்று கேட்டு, நானே அங்கே போய்க் கூட்டி வருகிறேன். மொட்டைக் கோபுரத்து முனீஸ்வரர் முன்னால் நிற்கும்போதெல்லாம், நான் கொட்டிய வார்த்தையை ஒருத்தி அள்ளித் தன் மடியில் மறைத்துக்கொண்டதால்தான் என் வீட்டில் அந்த நல்ல காரியம் நடந்தது என்ற நினைப்பு வந்து, கேட்க வந்ததை விட்டுவிட்டு அவளுக்காக ஒரு கும்பிடு போட்டுத் திரும்புகிறேன்.